முற்றிய கல்லீரல் நோயும் வீட்டுப் பணிவிடையும்

மருத்துவம் என்பதைத் திருவள்ளுவர் நான்கு கூறுகளாகப் பகுத்திருக்கிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்க்க முயலும் மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, அந்த மருந்தைக் கொடுத்து அருகிலிருந்து பணி செய்பவர் ஒருவர். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் இந்த நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. முதல் மூன்றைப் பற்றி நாம் நிரம்பப் பேசுகிறோம். நான்காமவரைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆயினும், மருத்துவரின் ஆற்றலும் மருந்தின் ஆற்றலும் ஓர் எல்லையை எட்டிவிடும் நோய்கள் சில உள்ளன. அவற்றில் நோயாளியின் நாட்கள் எவ்வாறு கழியும் என்பது பெரும்பாலும் நான்காமவரின் கையிலேயே இருக்கிறது. முற்றிய கல்லீரல் நோய் அத்தகையது. இன்று அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

நாம் மருத்துவர் அல்லோம். அரசாங்கத்தின் அறிக்கைகளையும் நலவாழ்வுக் குறிப்புகளையும் மொழிபெயர்ப்பது நமது தொழில். அத்தொழிலில் ஓர் உண்மை அடிக்கடி புலப்படுகிறது. மருத்துவ நூல்களில் தெளிவாக இருக்கும் செய்தி, நோயாளியின் கட்டிலருகே இருப்பவருக்கு விளங்கும் சொற்களில் போய்ச் சேர்வதில்லை. அந்த இடைவெளியில் உயிர்கள் வீணாகின்றன.

கொல்லயில் என்னும் ஊரை நேயர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பாறசாலைக்கு அண்மையில் உள்ள கிராமப் பஞ்சாயத்து அது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு நிலத்தின் மீது விழுந்தது; உறவுகளின் மீது விழவில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் கலந்தே வழங்குகின்றன. தென்னையும் வாழையும் ரப்பரும் மரச்சீனியும் எல்லையின் இரு பக்கங்களிலும் ஒன்றுபோலவே விளைகின்றன. நோயும் அப்படித்தான்.

அத்தகைய கிராமம் ஒன்றில் ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்வோம். இது நாம் கற்பனை செய்துகொள்ளும் வீடு. ஆயினும் நேயர்களுக்குப் புதியதாக இராது. ஐம்பது வயதைக் கடந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் அங்கே கட்டிலில் இருக்கிறார். கண்கள் மஞ்சள். கைகால்கள் மெலிந்திருக்கின்றன, வயிறு மட்டும் நீர் கோத்துப் பெருத்திருக்கிறது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு முறை சேர்க்கப்பட்டுத் திரும்பியிருக்கிறார். மனைவி பணிவிடை செய்கிறார். மகன் வேலைக்குப் போகிறான். "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எதைப் பார்ப்பது? எப்படிப் பார்ப்பது? அந்த அம்மையாரின் கேள்வி இதுதான்.

கல்லீரல் வலப்புற விலா எலும்புகளின் கீழே இருக்கும் உறுப்பு. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் எடை உடையது. உணவுச் சத்தைச் சேமிப்பதும், இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களை உண்டாக்குவதும், பித்தநீரைச் சுரப்பதும், குடலிலிருந்து வரும் நச்சுப் பொருள்களை மாற்றி வெளியேற்றுவதும் அதன் வேலைகள். மதுவினாலோ, பி, சி வகை மஞ்சள்காமாலைக் கிருமிகளினாலோ, நீரிழிவையும் உடற்பருமனையும் ஒட்டி வரும் கொழுப்பினாலோ பல ஆண்டுகள் தொடர்ந்து புண்பட்டால் அது தழும்பேறி இறுகிப் போகிறது. தழும்பு மிகும்போது உறுப்பின் வழியே இரத்தம் ஓடுவது தடைப்படுகிறது. அதன் விளைவாக வயிற்றில் நீர் சேர்கிறது. உணவுக் குழாயின் நாளங்கள் புடைக்கின்றன. நச்சுப் பொருள்கள் மூளையை எட்டி அறிவைக் கலக்குகின்றன. இவற்றுள் வயிற்று நீரோ அறிவுக் கலக்கமோ தோன்றிவிட்டால் நோய் முற்றிய நிலையை அடைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மாற்றுக் கல்லீரல் பொருத்தும் சிகிச்சை நம் நாட்டில் இல்லாததன்று. உடல் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994 இல் வந்தது. 1998 இல் தில்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு அந்தச் சிகிச்சை வெற்றியுடன் நடந்தது. ஆனால் தகுந்த உறுப்பும், பொருளும், நோயாளியின் உடல்வலிமையும் ஒருங்கே கூடுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடுவது தவறு. செய்ய வேண்டியவை ஏராளம். அவை பெரும்பாலும் வீட்டிலேயே செய்யத்தக்கவை.

முதலில் உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் நல்லெண்ணத்தினால் மிகுதியான தீங்கு நேர்வது இங்கேதான். மஞ்சள்காமாலை என்றாலே கடும் பத்தியம் என்பது நம் வழக்கம். எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது என்று ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் வெறும் கஞ்சித் தண்ணீரே எஞ்சுகிறது. மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இதையொத்த கருத்தையே கொண்டிருந்தது. குடலில் புரதம் சிதையும்போது உண்டாகும் பொருள்களே அறிவுக் கலக்கத்திற்குக் காரணம் என்பது 1950 களில் தெளிவானபோது, புரத உணவைக் குறைக்கும் வழக்கம் எங்கும் பரவியது. அது சுமார் அரை நூற்றாண்டு நீடித்தது. 2004 இல் பார்சிலோனா நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, வழக்கமான அளவில் புரதம் உண்டவர்களுக்கு அதனால் கலக்கம் மிகுவதில்லை என்று காட்டியது. நலிந்த கல்லீரலுக்குப் பதிலாகத் தசைகளும் நச்சைக் குறைக்கும் வேலையில் ஒரு பங்கு செய்கின்றன. தசை கரைந்தால் அந்தத் துணையும் போய்விடும். ஆகவே உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாள் ஒன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது இன்றைய கொள்கை. ஐம்பது கிலோகிராம் எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம் ஆகிறது. பயறு, பருப்பு, பால், தயிர், முட்டை, நன்கு வேகவைத்த மீன் ஆகியவற்றால் இதை நிரப்பலாம். கஞ்சியும் பயறும் உண்ணும் இந்தப் பகுதியின் வழக்கம் உண்மையில் நல்ல வழக்கமே. பயற்றை விலக்காமல் கூட்ட வேண்டும். மரச்சீனியில் மாவுச்சத்து மிகுதி, புரதம் மிகக் குறைவு. ஆதலால் அதை மட்டும் உண்டு வயிற்றை நிரப்பலாகாது.

ஒரே வேளையில் நிறைய உண்ண இவர்களால் இயலாது. நீர் கோத்த வயிறு இரைப்பையை நெருக்குகிறது. சிறு அளவாக ஐந்தாறு வேளை கொடுக்க வேண்டும். அவற்றுள் முக்கியமானது படுக்கைக்குப் போகுமுன் கொடுக்கும் சிற்றுண்டி. நலிந்த கல்லீரலால் சத்தைச் சேமிக்க முடியாது. ஆகவே நமக்கு ஓர் இரவு உண்ணாமலிருப்பது எளிது. அவருக்கோ அது இரண்டு மூன்று நாள் பட்டினிக்கு ஒப்பாகிறது. உடல் தன் தசையையே எரிக்கத் தொடங்குகிறது. ஒரு குவளைப் பாலும் இரண்டு வாழைப்பழமும், அல்லது சிறிது அவலும் பாலும், இரவில் கொடுப்பது மருந்துக்குச் சமானம். பொட்டாசியம் குறித்து நாம் பின்னர்க் கூறப்போகும் எச்சரிக்கை மட்டும் நினைவிருக்கட்டும்.

பத்தியம் இருக்க வேண்டிய இடம் உப்பு ஒன்றே. நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி அளவு, போதும். அதையும் காலையிலேயே அளந்து தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், சமையல் செய்பவருக்குக் குழப்பம் இராது. கருவாடு, பப்படம், ஊறுகாய் மூன்றையும் அறவே விலக்க வேண்டும். இவற்றில் மறைந்திருக்கும் உப்பு, நீரிறக்கும் மாத்திரையின் பயனைக் கெடுத்துவிடும். சுவைக்கு எலுமிச்சையும் மிளகும் கறிவேப்பிலையும் உள்ளன. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும், மிகுதியான இளநீரும், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை உண்பவருக்குத் தீங்கு தரக்கூடும். பழத்தின் அளவையும் சேர்த்து மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். குடிநீரைத் தாமாகக் குறைப்பதும் தகாது. அது இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

அடுத்தது கண்காணிப்பு. செவிலியர் தொழிலுக்கு இலக்கணம் வகுத்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859 இல் எழுதிய நூலில் நோயாளியை உற்றுநோக்குவதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். அந்தக் கலைக்கு நம் வீட்டில் தேவைப்படுபவை ஓர் எடைப்பொறி, ஓர் அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றே. காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பின், உணவுக்கு முன், எடையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். தொப்புளின் மட்டத்தில் வயிற்றின் சுற்றளவையும் குறிக்க வேண்டும். இரண்டொரு நாளில் எடை ஒரு கிலோகிராமுக்கு மேல் கூடினால் நீர் சேர்கிறது என்று பொருள். நீரிறக்கும் மாத்திரையினால் நாளொன்றுக்கு அரைக் கிலோகிராமுக்கு மேல், காலில் வீக்கம் உள்ளவருக்கு ஒரு கிலோகிராமுக்கு மேல், எடை குறைந்துகொண்டே வந்தால் அதுவும் அபாயம், சிறுநீரகம் கெடக்கூடும்.

அதே நோட்டில் இன்னொன்றும் செய்யலாம். நாள்தோறும் காலையில் நோயாளியைத் தம் பெயரை எழுதச் சொல்ல வேண்டும். தமிழிலோ மலையாளத்திலோ, அவருக்குப் பழகிய எழுத்தில் எழுதட்டும். நேற்றுவரை நேராக இருந்த கையெழுத்து இன்று கோணினால், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், அது மூளைக் கலக்கத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம். பகலில் உறங்கி இரவில் விழித்திருத்தல், கைகளை நீட்டினால் பறவைச் சிறகைப்போல் அடித்துக்கொள்ளுதல், நாளும் கிழமையும் மறந்துபோதல், காரணமில்லாத கோபம் ஆகியனவும் அவ்வகை அறிகுறிகள்.

இந்த இடத்தில்தான் நாம் நினைத்துக்கொண்ட வீட்டின் விதி இரண்டாகப் பிரிகிறது. ஓர் இரவு அவர் உறங்காமல் பிதற்றுகிறார். மனைவியை அடையாளம் தெரியாமல் கடுஞ்சொல் சொல்கிறார். "மீண்டும் எங்கிருந்தோ குடித்துவிட்டான்" என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். "ஏதோ பார்த்துப் பயந்திருக்கிறார், ஓதிக் கயிறு கட்டலாம்" என்று இன்னொருவர் சொல்கிறார். மகன் தூக்க மாத்திரை வாங்கி வருகிறான். அந்த மாத்திரை உள்ளே போனால் அவர் மறுநாள் காலையில் எழாமல் போகலாம். ஆனால் அந்த அம்மையார் நோட்டைத் திறந்து பார்க்கிறார். மூன்று நாளாக மலம் சரியாகப் போகவில்லை. நேற்றுக் கையெழுத்து கோணியிருக்கிறது. "இது குடியுமில்லை, பேயுமில்லை, நோய்" என்று சொல்லி, மாத்திரையை ஒதுக்கிவிட்டு, இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கிறார். நான்காமவரின் வேலை இன்னது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மலச்சிக்கல் இந்நோயாளிக்குப் பகை. குடலில் தேங்கும் நச்சே தலைக்கேறுகிறது. லாக்டுலோஸ் என்னும் இனிப்புப் பாகு மருந்து அதற்காகவே கொடுக்கப்படுகிறது. நாள்தோறும் இரண்டு அல்லது மூன்று முறை இளக்கமாக மலம் போகும்படி அதன் அளவைச் சரிசெய்து கொள்ளச் செவிலியர் கற்றுக்கொடுப்பார். வயிற்றுப்போக்காக மாறினால் அளவு மிகுந்துவிட்டது என்று அறிந்து கலந்து பேச வேண்டும். "போக்கு நின்றால் போதும்" என்று மருந்தையே நிறுத்திவிடுவது பெருந்தவறு. இதைப்போலவே, நாளங்களின் அழுத்தத்தைக் குறைக்கும் புரோப்ரனலால் முதலிய மருந்துகளையும் தம் விருப்பப்படி நிறுத்தலாகாது.

வலி வந்தால் கடையில் கேட்டு வாங்கும் வழக்கத்தையும் விட வேண்டும். ஐபுபுரூஃபன், டைக்குளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தப்போக்கையும் தூண்டும். மருத்துவர் அனுமதித்தால் பாரசிட்டமால், நாள் ஒன்றுக்கு 2 கிராமுக்கு மேற்படாமல், கொடுக்கலாம். கீழாநெல்லியைப் பற்றியும் கேட்பார்கள். சென்னை ஆய்வாளர்கள் 1988 இல் பி வகைக் கிருமிக்கு எதிராக அதனிடம் நம்பிக்கையூட்டும் பலன் கண்டதாக வெளியிட்டார்கள். பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இறுகித் தழும்பேறிய கல்லீரலை எந்த இலையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. ஆசானிடம் போகிறவர்கள் போகட்டும். ஆனால் உள்ளே இன்னதென்று தெரியாத பொடியையும் இலேகியத்தையும் மருத்துவருக்கு மறைத்து உண்ண வேண்டாம்.

பித்தம் தோலில் படிவதால் வரும் அரிப்பு இரவெல்லாம் உறக்கத்தைக் கெடுக்கும். நகங்களை ஒட்ட வெட்டுதல், வெந்நீரைத் தவிர்த்து மிதமான நீரில் குளிப்பாட்டுதல், ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெய் தடவுதல், மெல்லிய பருத்தித் துணி உடுத்துதல் ஆகியவை ஆறுதல் தரும். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வைத்தால் மூச்சு இலகுவாகும். எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஈறுகளில் எளிதில் இரத்தம் கசியும். ஆதலால் பற்களை மெல்லிய தூரிகையால் துலக்க வேண்டும். நோய்க்குக் காரணம் பி வகைக் கிருமியானால் வீட்டார் அனைவரும் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சவரக் கத்தியையும் பல்துலக்கியையும் பகிர்தல் ஆகாது. உடன் அமர்ந்து உண்பதாலோ தொடுவதாலோ அந்நோய் பரவாது. தனித் தட்டு, தனி மூலை என்று ஒதுக்குவது கொடுமை.

நான்கு அறிகுறிகளைச் சுவரில் எழுதி ஒட்டி வைக்கலாம்: இரத்த வாந்தி, தாரைப்போல் கறுத்த மலம், காய்ச்சலோ வயிற்று வலியோ, எழுப்பியும் தெளியாத மயக்கம். இவற்றுள் ஒன்று கண்டால் காலை விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. நீர் கோத்த வயிற்றில் கிருமி புகுந்தால் காய்ச்சல் இலேசாகவே இருக்கும்; ஆனால் அது விரைந்து உயிரைக் குடிக்கும்.

இந்தப் பொறுப்புகளையெல்லாம் ஒரு பெண் தனியே சுமக்க வேண்டுமா என்ற கேள்வி எழும். வேண்டியதில்லை. கேரளம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 1993 இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். இராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், நோயாளியின் வீட்டையே சிகிச்சைக்கூடமாகக் கொள்ளும் இயக்கமாக வளர்ந்தது. 2008 இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் இது முதலாவது. பயிற்சி பெற்ற செவிலியர் பஞ்சாயத்தின் சார்பில் வீடு தேடி வரும் முறை அதன் பயனாக ஏற்பட்டது. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கு வந்து செய்யும் நோய்த்தணிப்புப் பணி இடம்பெற்றிருக்கிறது. களியக்காவிளைக்கு அப்பால் மணம் முடித்துப் போன மகளுக்கும் பாறசாலையில் இருக்கும் தாய்க்கும் இந்த உதவி இரு பெயரில் கிடைக்கிறது.

பெயரைப் பற்றிச் சொல்ல நமக்கு ஒரு தொழில் உரிமை உண்டு. மலையாளத்தில் இதைச் 'சாந்த்வன பரிசரணம்' என்கிறார்கள். ஆறுதல் தரும் பணிவிடை என்று பொருள். ஆங்கிலச் சொல்லின் மூலமோ இலத்தீனில் மேலாடையைக் குறிக்கும். குளிரில் கிடப்பவன்மேல் போர்த்தும் ஆடை குளிரை ஒழிப்பதில்லை, அவனைக் காக்கிறது. இந்தப் பணியைச் சாவுக்கு முந்திய சடங்கென்று பலர் அஞ்சுகிறார்கள். நோய் முற்றியது தெரிந்த அன்றே இதைத் தொடங்கலாம். மற்றச் சிகிச்சைகளுக்கு இது தடையன்று.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "குடித்துக் கெடுத்துக்கொண்டவன்தானே" என்ற சொல்லை நோயாளி தம் காதுபடக் கேட்கிறார். மதுவைத் தொடாதவர்க்கும் இந்நோய் வருகிறது. தொட்டவர்க்கு வந்தாலும் பணிவிடையில் குறைவு செய்யும் நியாயம் யாருக்கும் இல்லை. இந்த நிலையிலும் மதுவை விடுவது ஆயுளை நீட்டக்கூடும். ஆனால் வசையினால் எவரும் அதை விட்டதில்லை. நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். அதற்கும் மருத்துவத் துணை வேண்டும்.

இறுதி நாட்கள் வரும். அப்போது உணவை வற்புறுத்தித் திணிக்க வேண்டாம். உதடுகளையும் நாவையும் ஈரப் பஞ்சால் நனைத்தால் போதும். வலியும் மூச்சுத்திணறலும் தணியச் சிறு அளவில் மருந்து கொடுக்க மருத்துவர் அறிவார். ஆஸ்பத்திரியிலா, தம் வீட்டுத் திண்ணையின் காற்றிலா, எங்கே இருக்க விரும்புகிறார் என்பதை அறிவு தெளிவாக இருக்கும் நாளிலேயே அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர்க் கேட்க இயலாது.

வீட்டுக்கு வரும் செவிலியர் நோயாளியின் எடையைக் கேட்டபின், "அம்மா, நீங்கள் நேற்று எத்தனை மணி உறங்கினீர்கள்?" என்றும் கேட்பாரானால் அவர் தம் தொழிலை முழுதும் கற்றவர். அயலார் செய்யத்தக்க உதவியும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பகல் நேரம் அந்தக் கட்டிலருகே அமர்ந்து, அந்தப் பெண்ணை உறங்க விடுவதற்கு மருத்துவக் கல்வி தேவையில்லை. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்குமானால், இந்த வாரமே ஒரு நாள் அங்கே போய் வாருங்கள்.